கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அந்நியன்

மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பேசுவது என்பது பெயரளவுக்குத்தான். அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தம் கையின்மேல் போட்டுக்கொள்வார். வாங்க வந்தவர் அந்தத் துண்டுக்கு அடியில் கையை நுழைப்பார். உள்ளே விரலைப் பிடிப்பதும் அழுத்துவதும் விடுவதுமாகப் பேரம் நடக்கும். சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் விலை இன்னதென்று அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். தென்னார்க்காட்டுச் சந்தைகளில் சிறு வயதில் இதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "எதுக்கு மறைக்கறாங்க?" என்று உடன் வந்த பெரியவரைக் கேட்டேன். "விக்கறவனுக்கு என்ன கஷ்டமோ! அது சந்தை பூராவும் தெரியணுமாடா?" என்றார் அவர்.

வியாபாரத்தில் இந்த மறைப்பு நேற்று வந்ததல்ல. நன்னூலுக்கு உரை செய்தவர்கள் குழூஉக்குறி என்று ஒரு வகையைச் சொல்லி உதாரணம் காட்டுகிறார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்களாம். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்களாம். வேடர்கள் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்களாம். கள்ளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. உள்ளே போனதும் உள்ளே இருப்பதையெல்லாம் சொல்ல வைத்துவிடுகிறதே! இந்தக் கட்டுரை முடிவதற்குள் கள்ளல்லாத இன்னொரு சொல்விளம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

நம்மவர்கள் ரகசியம் காப்பதில் சமர்த்தர்கள் என்று நான் வாதாட வரவில்லை. டீக்கடை பெஞ்சிலும் குழாயடியிலும் எந்த வீட்டு ரகசியம் மிஞ்சுகிறது? ஆனால் வம்பு வேறு, தொழில் வேறு. கழுத்துச் சங்கிலியை முந்தானைக்குள் முடிந்துகொண்டு விளக்கு வைக்கும் நேரத்தில் அடகுக் கடைப் படியேறிய பெண்ணை, மறுநாள் கோயிலில் எதிர்ப்பட்டால் கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார். அது அவமரியாதை அல்ல. அவருடைய தொழிலுக்கு உள்ள மரியாதை அதுதான்.

இந்த மரியாதை சட்டமானதற்கு இங்கிலாந்தில் ஒரு வழக்கு உண்டு. 1924-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் அச்சாகியிருக்கிறது. டூர்னியர் என்பவர் ஒரு பாங்கியில் பத்துப் பவுனுக்கும் குறைவான கடன்காரர். தவணை கட்டவில்லை. அவருடைய வீட்டு விலாசத்தை விசாரிக்க மானேஜர் அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு டெலிபோன் செய்தார். விலாசம் கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆசாமி குதிரைப் பந்தயக்காரர்களோடு பழகுகிறார் போலிருக்கிறது" என்ற பாவனையில் ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டார். ஒரு செக்கு போன வழியைப் பார்த்து அவருக்குக் கிடைத்த தகவல் அது. டூர்னியருக்கு வேலை நீடிக்கவில்லை. வாடிக்கையாளரைப் பற்றித் தொழில் காரணமாகத் தெரிந்துகொண்டதைப் பாங்கி வெளியே சொல்லக் கூடாது. சட்டம் கட்டாயப்படுத்தினாலோ, பொதுநன்மைக்காகவோ, பாங்கி தன் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளவோ, அவரே சம்மதித்தாலோ ஒழிய அந்த வாய் திறக்கக் கூடாது என்று மேல் கோர்ட்டு சொல்லிற்று. பிற்பாடு நம் நாட்டுப் பாங்கிகளுக்கும் இந்த விதி வந்து சேர்ந்தது.

ஒரே ஒரு டெலிபோன் பேச்சு, ஒரு மனிதருடைய ஜீவனம். இந்தப் பழைய வழக்கை நான் தேடிப் புரட்டியதற்குக் காரணம் கல்வராயன் மலையில் காதில் விழுந்த ஒரு சம்பவம்.

கள்ளக்குறிச்சி பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. 1993-இல் விழுப்புரத்தோடு போயிற்று. 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆயிற்று. ஊரிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டினால் மலைப்பாதை ஏறுகிறது. கரியாலூர், பிறகு வெள்ளிமலை. மலையின் மறுபக்கம் சேலத்தைச் சேர்ந்தது. மலையாளிகள் என்று பெயர் கொண்ட இந்த மலைமக்களுக்குக் கேரளத்தோடு சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்லிக்கொள்கிறார்கள், பேசுவது தமிழ்.

நாடு 1947-இல் சுதந்திரம் அடைந்தது என்று நாம் படித்தோம். இந்த மலைக்கு அது 1976-இல்தான் ஏறி வந்தது. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள் மலையைப் பங்கு போட்டு ஆண்டன. கோர்ட்டு விவகாரங்களெல்லாம் முடிந்து அவ்வாண்டு ஜூன் மாதம்தான் சர்க்கார் மலையை எடுத்துக்கொண்டது. அதுவரை ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். அதற்கு வெட்டி என்று பெயர்; சோழர் கல்வெட்டுக்களில் வருகிற அதே வெட்டிதான். வெள்ளிமலையில் ஒரு கிழவரிடம் அந்தக் காலத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். வேலையைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. "எங்க அடுப்புல என்ன வேகுதுன்னு ஜாகீர் ஆளுக்குத் தெரியும், சாமி. யாரு ஊட்ல எத்தன பேரு, எந்தப் பொண்ணு பெரியவளானா, எல்லாம் தெரியும். மறைக்கறதுக்கு எங்ககிட்ட என்ன இருந்துச்சு?" என்றார். ஏழ்மையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறோம். மறைத்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் இருப்பதும் ஏழ்மையில் ஒரு வகை என்று எழுதியதாக எனக்கு நினைவில்லை.

அதே பயணத்தில் ஒரு கிராம சுகாதார நர்ஸோடு பேச நேர்ந்தது. நோட்டுப் புத்தகமும் தடுப்பூசிப் பெட்டியுமாக ஒற்றையடிப் பாதைகளில் நடந்து தேய்ந்தவர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது அவர் வேலை. அந்த நோட்டைப் பிறர் கண்ணில் படாமல் அவர் வைத்துக்கொண்டிருந்த அழகைக் கவனித்தேன். அவர் சொன்ன கதை இது.

மலைக் கிராமம் ஒன்றில் ஒரு பெண். இரண்டு பெண் குழந்தைகள் இருக்கின்றன. நாள் தள்ளிப் போயிற்று. புருஷன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் இருந்தது ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் கொழுந்தனுடையது. அவன் தூங்கும்போது அதை எடுத்து, மருந்து விற்கும் ஒரு வெப்சைட்டில் கர்ப்பம் பார்க்கும் அட்டை என்ன விலை என்று பார்த்திருக்கிறாள். வாங்கவில்லை. பார்த்துவிட்டு, பார்த்த சுவடே இல்லாமல் அழித்தும் வைத்துவிட்டாள். அந்த அளவுக்கு விவரம் தெரிந்த பெண். இரண்டு நாள் கழித்துக் கொழுந்தன் சினிமாப் பாட்டுக் கேட்கப் போனைத் திறந்தால் தொட்டில், குழந்தை சோப்பு, கர்ப்பிணிகளுக்கான சத்து மாவு! எதைத் திறந்தாலும் இந்த விளம்பரங்கள். அவன் அம்மாவிடம் காட்டிச் சிரித்தான். மாமியார் சிரிக்கவில்லை. "எத்தினி நாளாச்சு?" என்று மருமகளைக் கேட்டாள். அன்று ராத்திரியே, கீழே போய் 'பார்த்து' வந்துவிடலாம் என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிட்டது.

அந்தப் 'பார்ப்பது' இன்னதென்று இந்தப் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சட்டவிரோதமாக ஸ்கேன் செய்து சொல்லும் கும்பல்கள் பிடிபட்ட செய்தி கள்ளக்குறிச்சி வட்டாரத்திலிருந்து அவ்வப்போது வருகிறது.

"நான் நோட்ல எழுதறதுக்கு முன்னாடியே அந்த டப்பா எழுதிடுச்சு, சார்" என்றார் நர்ஸ். "அந்தப் பொண்ணு என்னையத்தான் கேட்டுச்சு. 'நான் யாருகிட்டயும் சொல்லல நர்ஸம்மா, போனுக்கு எப்படித் தெரிஞ்சுது?'ன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

நர்ஸ் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டார். குழந்தை பிறந்தது. பெண்தான். நன்றாக இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெண்ணின் கேள்வி என்னோடு மலையிறங்கி வந்தது.

கள்ளக்குறிச்சியில் கடைகளுக்கு வெப்சைட் அமைத்துக் கொடுக்கும் ஒரு பையனிடம் அதைக் கேட்டேன். அவன் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்து எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

வெப்சைட் என்பது ஒரு கடை என்றால், அந்தக் கடைக்கு ஆரம்பத்தில் ஞாபக சக்தியே கிடையாது. ஒரு சாமானை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த அலமாரிக்குப் போனால், "நீ யார்?" என்று கேட்கும். 1994-இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்த லூ மான்டூலி என்ற இளைஞர் இதற்கு ஒரு வழி கண்டார். வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரிலேயே ஒரு சிறு அடையாளச் சீட்டைப் போட்டு வைப்பது. அடுத்த தடவை அந்தச் சீட்டைக் காட்டினால் கடைக்கு ஆள் தெரிந்துவிடும். குக்கி என்று பெயர் வைத்தார்கள். கடைக்காரருக்குத் தம் வாடிக்கையாளர் முகம் தெரிவதில் என்ன தவறு? ஒன்றுமில்லை. அதே 1994-இல்தான் இன்டர்நெட் பத்திரிகை ஒன்றில் முதல் விளம்பரப் பட்டைகளும் வந்தன. விளம்பரக்காரர்கள் விரைவிலேயே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆயிரம் கடைகளில் ஒரே ஆளை உட்கார வைத்தால், எந்த முகம் எந்தெந்தக் கடைக்குப் போயிற்று என்பதை அந்த ஒரு ஆள் சொல்லிவிடுவான்.

அந்த ஆளைக் கடைக்குள் உட்கார வைக்கும் உபாயம் ஒரு புள்ளி. வெள்ளைத் தாளில் வெள்ளை மையால் வைத்த புள்ளி; கண்ணுக்குத் தெரியாது. அந்தப் புள்ளியை மட்டும் விளம்பரக் கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்து வாங்கி வந்து வை என்று பக்கத்தில் எழுதியிருக்கும். உங்கள் போன் சமர்த்தாகப் போய்க் கேட்கும். கேட்கும்போது, "இன்ன பக்கத்துக்காகக் கேட்கிறேன், முன்பு நீ கொடுத்த சீட்டு இதோ" என்றும் சொல்லும். பக்கத்தின் விலாசத்திலேயே நோயின் பெயரோ மருந்தின் பெயரோ இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். இப்போது புள்ளியின் இடத்தைச் சில வரிக் கட்டளைகள் பிடித்துக்கொண்டுவிட்டன. பெயர் மட்டும் இன்னும் பிக்ஸல், அதாவது புள்ளி. நான் சொன்ன சொல்விளம்பி இதுதான். போனில் அழித்ததனால் பயனில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். சேதி எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டது.

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் அவர் பக்கத்தையும் கேட்க வேண்டும். விளம்பரத்துக்கு மாதம் இவ்வளவு என்று பணம் கொட்டுகிறார். அதைப் பார்த்து எத்தனை பேர் வாங்கினார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் புள்ளியை வைக்கிறார். புடவைக் கடையில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. நீங்கள் நீலப் புடவை பார்த்தது உலகத்துக்குத் தெரிந்தால் என்ன? ஆனால் அதே புள்ளியை மருந்துக் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் கடன் கொடுக்கும் இடத்திலும் யோசியாமல் வைத்துவிடுகிறார்கள்.

யோசியாமல் என்று நான் சொல்வது மிகை அல்ல. 2022-இல் மார்க்கப் என்ற அமெரிக்கப் பத்திரிகை அந்நாட்டின் பெயர்பெற்ற 100 ஆஸ்பத்திரிகளின் வெப்சைட்டுகளைப் பரிசோதித்தது. 33 இடங்களில் பேஸ்புக்கின் புள்ளி இருந்தது. டாக்டரைப் பார்க்க நாள் குறிக்கும் பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி பேஸ்புக்குக்குப் போயிற்று. 2023-இல் குட்ஆர்எக்ஸ் என்ற மருந்துத் தள்ளுபடிக் கம்பெனியின் மேல் அமெரிக்க வர்த்தகக் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. இன்ன மருந்து வாங்கியவர்கள் என்று ஜாபிதா போட்டு, அவர்களுடைய ஈமெயிலையும் போன் நம்பரையும் விளம்பரத்துக்காகக் கொடுத்ததாகப் புகார். அபராதம் 15 லட்சம் டாலர். அதே வருஷம் பெட்டர்ஹெல்ப் என்ற மனநல ஆலோசனைக் கம்பெனி 78 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. மனம் உடைந்து வந்தவர்களின் ஈமெயில் விலாசங்கள் சுமார் 70 லட்சத்தை அது பேஸ்புக்குக்கு அனுப்பியிருந்தது என்று கமிஷன் சொல்லிற்று. எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று தீர்மானிக்கும் பொறுப்பு, காலேஜிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஓர் இளநிலை ஊழியரிடம் விடப்பட்டிருந்ததாம். கதை எழுதுகிறவனுக்கு இந்த ஒரு வரி போதும். அந்த ஊழியர் அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பொத்தானை அழுத்தியிருப்பார். கெட்டவர் என்று நினைக்க முடியவில்லை.

"விலாசங்களைச் சங்கேதமாக்கித்தானே அனுப்பினோம்" என்பது இத்தகைய கம்பெனிகளின் சமாதானம். கள்ளக்குறிச்சி அரிசி மில்லுக்குப் பேர் போன ஊராதலால் அந்த ஊர்ப் பாணியிலேயே விளக்குகிறேன். அரிசியை மாவாக்கிவிட்டால் திரும்ப அரிசியாக்க முடியாது, அது வாஸ்தவம். ஆனால் வாங்குகிறவன் தன் கிடங்கில் உள்ள மூட்டைக்கெல்லாம் ஒரு பிடி எடுத்து அதே யந்திரத்தில் அரைத்துப் பார்த்து வைத்திருக்கிறான். வந்த மாவைத் தொட்டுப் பார்த்தாலே இது எந்த மூட்டை என்று சொல்லிவிடுவான். பெட்டர்ஹெல்ப் அனுப்பிய 70 லட்சத்தில் 40 லட்சத்துக்கு மேல் பேஸ்புக் இப்படி அடையாளம் கண்டுகொண்டது.

நம் பக்கத்திலும் வாடிக்கையாளர் விவரம் வெளியே போனதுண்டு. 2024-இல் சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவக் குறிப்புக்கள் உட்பட, டெலிகிராமில் கிடைத்தன. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாக ஒருவன் பீற்றிக்கொண்டான். கம்பெனி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. இது திருட்டு. திருட்டென்றால் கூக்குரல் எழுகிறது, போலீஸ் வருகிறது, பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். புள்ளி விஷயத்தில் திருடனே கிடையாது. கடைக்காரரே கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அந்நியனை உட்கார வைத்திருக்கிறார். கூச்சல் போட யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு இதில்தான் அதிக பயம்.

சட்டம் என்ன சொல்கிறது? புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கு முன்பே, 2011-இல் வந்த விதிகள் உடல்நிலை, மனநிலை, மருத்துவக் குறிப்பு, பாங்கிக் கணக்கு முதலியவற்றைத் தனியே பிரித்து, இவை நுட்பமான விவரங்கள் என்று பெயரிட்டிருந்தன. 2023-இல் வந்த புதிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவினையைக் கைவிட்டுவிட்டது. நீலப் புடவையும் கர்ப்பச் சோதனையும் அதற்கு ஒரே வகை. இது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் எதற்காகக் கேட்டு வாங்கினாயோ அதற்கு மட்டும் பயன்படுத்து என்பதை அந்தச் சட்டம் வற்புறுத்துகிறது; 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதைத் தடுக்கிறது. இவை நல்லவை. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. கம்பெனிகளின் முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள்.

மலைப் பெண்ணின் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. கருவின் பாலினத்தை அறியும் வசதி பற்றி விளம்பரம் செய்யக் கூடாது என்பது 1994-ஆம் வருஷத்துச் சட்டம். இன்டர்நெட்டில் அத்தகைய விளம்பரங்கள் தாராளமாக வருகின்றன என்று சாபு மேத்யூ ஜார்ஜ் என்பவர் 2008-இல் கூகிள், யாஹூ, மைக்ரோஸாப்ட் கம்பெனிகளைச் சுப்ரீம் கோர்ட்டுக்கு இழுத்தார். ஒன்பது வருஷம் நடந்தது. குறிப்பிட்ட சில சொற்களைத் தேடினால் அந்த விளம்பரங்கள் வராமல் தடுக்கக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. பெரிய வெற்றிதான். ஆனால் அது கர்ப்பிணியிடம் விளம்பரம் வராமல் தடுத்தது. இன்னார் கர்ப்பிணி என்ற செய்தி விளம்பரக்காரரிடம் போவதைத் தடுக்கவில்லை.

அதைத் தடுக்க அப்படி ஒன்றும் பகீரதப் பிரயத்தனம் வேண்டியதில்லை என்று அந்தப் பையன் எனக்குக் காட்டினான். ஊரில் ஒரு பரிசோதனை நிலையத்துக்கு அவனே போட்டுக் கொடுத்த வெப்சைட்டைத் திறந்தான். பின்னணியில் என்னென்ன எங்கெங்கே போகிறது என்று காட்டும் பலகை ஒன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் உண்டாம், அதையும் திறந்தான். சர்க்கரைப் பரிசோதனை என்ற பக்கத்தைத் தொட்டோம். பரிசோதனையின் பெயர் அப்படியே வரிசையில் ஓடிக் கடல் கடந்தது. கர்ப்பப் பரிசோதனையைத் தொட்டோம். அதுவும் ஓடிற்று. பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

பிறகு வேலையில் இறங்கினான். முகப்புப் பக்கத்தில் மட்டும் புள்ளியை விட்டுவிட்டு, பரிசோதனைப் பக்கங்கள், பெயர் எழுதும் பக்கம், பணம் கட்டும் பக்கம், ரிப்போர்ட் பார்க்கும் பக்கம் எல்லாவற்றிலிருந்தும் எடுத்தான். பக்க விலாசங்களில் இருந்த நோய்ப் பெயர்களை அழித்து வெறும் எண்களை வைத்தான். பக்கத்தின் தலைப்பும் பொத்தானின் பெயரும்கூடப் புள்ளியோடு போகும் என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது, அவற்றையும் மாற்றினான். நிலையத்துக்காரர் முந்தின மாதம் விளம்பரத்துக்கென்று நோயாளிகளின் போன் நம்பர் ஜாபிதாவை ஏற்றச் சொல்லிக் கொடுத்திருந்தாராம். அதை ஏற்றாமல் தனியே வைத்தான். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை போதும், யார் எதற்கு வந்தார் என்பது வேண்டாம் என்று கணக்கையும் திருத்தினான். விளம்பரக் கம்பெனிகளே, எங்களுக்கு உடல்நிலை விவரங்களை அனுப்பாதீர்கள் என்று தங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன என்பது வேறு விஷயம். அதை யார் படிக்கிறார்கள்?

எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நிலையத்து முதலாளிக்குப் போன் செய்தான். "சார், வெப்சைட்ல நோயாளிங்க விவரம் வெளியே போயிட்டிருந்துச்சு. நிறுத்திட்டேன்" என்றான். மறுமுனையில் அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"எவ்வளவு செலவாச்சு?"

"ஒண்ணும் ஆகல சார்."

"அப்ப சரி" என்று அவர் வைத்துவிட்டார்.